வேலுச்சாமியைத் தானம் கொடுத்த கதை

நொய்யல்புரம் புதுநகரில் குப்பை என்று ஒன்று கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் எல்லையிலேயே மூன்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள். குப்பை லாரி கிடையாது, குப்பைமேடு கிடையாது, குப்பை அள்ளுகிறவர்களும் கிடையாது. அள்ளிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதப் பலகையில் இடம் பற்றவில்லை போலிருக்கிறது.

குப்பைக்குப் பதிலாக அங்கே ‘ஈகை’ இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று. வாசலோரம், இடுப்பளவு உயரத்தில், இளம்பச்சை நிறத்தில் நிற்கும். மேலே மூடி, மூடிக்கு மேலே ஒரு கண். வேண்டாத பொருளை உள்ளே போட்டால் போதும். ஈகை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், நகரத்தில் உள்ள அத்தனை வீட்டையும் நினைத்துப் பார்த்து, இது யாருக்கு உதவும் என்று அரை நொடியில் கண்டுபிடித்துவிடும். அப்புறம் ஓட்ட ஆளில்லாத சின்ன வண்டி ஒன்று அந்தப் பொருளை நீல டப்பாவில் ஏந்திக்கொண்டு உரியவர் வாசலில் போய் நிற்கும். கொடுத்த வீட்டு நிலைப்படிக்கு மேலே பச்சை விளக்கு எரியும். வாங்கிய வீட்டார் கட்டைவிரல் வைத்து நன்றி சொல்லவேண்டும். குப்பையும் ஒழிந்தது, சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. இவ்வளவு நல்ல யோசனை மனிதர்களுக்கு வராது, மெஷினுக்குத்தான் வரும்.

இதில் ஊர் தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. தருவோர் ஒருபக்கம், பெறுவோர் ஒருபக்கம். பத்தொன்பது மாடி மேகமலர் டவர்ஸ் முழுக்கத் தருவோர். சாயங்காலமானால் அந்தக் கட்டடம் முழுக்கப் பச்சை விளக்கு மினுமினுக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய மில் காலனி முழுக்கப் பெறுவோர். அங்கே என்னென்னவோ வந்து இறங்கும். பாதி எரிந்த வாசனை மெழுகுவத்தி, நாய்க்கு மாட்டுகிற மழைக்கோட்டு, ரொட்டி சுடும் மெஷின், அந்த மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுத்தால் அந்தப் பொருள் குப்பையாகிவிடும். குப்பை உண்டாக்கிய வீட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் வராது. ஆகவே காலனிக்காரர்கள் நன்றியோடு வாங்கிப் பரணில் அடுக்கிக்கொண்டார்கள்.

காலனியில் மூன்றாவது வரிசை, ஏழாம் நம்பர் வீடு சுகந்தியுடையது. அவள் புருஷன் வேலுச்சாமி ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மில் அவருக்குக் கொடுத்து அனுப்பியது ஒரு சுவர்க்கடிகாரமும், நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியும். கடிகாரம் நின்று போயிற்று. தூசி நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மூச்சு வாங்கமுடியாமல் முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தபோது, ஈகைதான் ஓர் ஆக்ஸிஜன் மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது. டவர்ஸில் யாரோ ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் மிச்சமான மெஷின். அன்றிலிருந்து வேலுச்சாமியின் மூக்கில் இரட்டைக் குழாய். அவர் கட்டிலோரத்தில் அந்த மெஷின் புஸ் புஸ்ஸென்று இரவும் பகலும் மூச்சு விடும். கரன்ட் நின்று பத்து நிமிஷம் அது சும்மா இருந்தால் போதும், சுகந்திக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மெஷின் இருந்தால் அவர் இருப்பார். மற்ற நியாயமெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

அதனால் ஈகையின் மேல் அவளுக்கு நிஜமான மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் வினையாய்ப் போயிற்று.

விஷயம் இதுதான். வாராவாரம் வண்டி வரும். டப்பாவில் உள்ளதை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திரும்ப வண்டியில் வைத்துவிட வேண்டும். முதல் தடவை சுகந்தி டப்பாவைக் கழுவித் துடைத்து வைக்கப் போனாள். கை போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து ஏனம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதா? ஏதாவது நல்லது வைத்துத்தானே கொடுக்கவேண்டும்? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு எலுமிச்சம்பழத்தை உள்ளே போட்டு மூடினாள். அடுத்த வாரம் ஒரு கைப்பிடி கொத்தமல்லி. நோம்பி, பண்டிகை வந்தால் வெல்லம் போட்டுச் சுட்ட நாலு கச்சாயம். ஒரு தடவை வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போக, ஒரு துண்டு மஞ்சளை வைத்து அனுப்பினாள். பக்கத்து வீட்டு மரகதக்காவும் அப்படித்தான் செய்தார். அந்த வரிசையே அப்படித்தான் செய்தது. யாரும் யாரிடமும் இதைப் பேசிக்கொள்ளவில்லை, பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

மெஷினுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, சுகந்தி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஈகை கனைத்தது. உள்ளூர் ஆள் மாதிரிப் பேசினால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று அதற்குக் கொங்குப் பேச்சை ஏற்றியிருந்தார்கள்.

“வாழ்த்துக்களுங்க அம்மணி! உங்க குடும்பம் பெறுவோர்ல இருந்து தருவோரா உயர்ந்திருக்குதுங்க.”

நிலைப்படிக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் கை தட்டின. சுகந்திக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

“பெறுவோருக்குன்னு வந்த பொருளெல்லாம் இனி உங்களுக்குத் தேவைப்படாதுங்க. ஆக்ஸிஜன் மெஷினை அடுத்த வியாழக்கிழமை வண்டி வந்து எடுத்துக்கும். சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுக்கறதுக்கு நன்றிங்க.”

சுகந்தி வாளியை அப்படியே வைத்துவிட்டு வார்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே திருமூர்த்தி என்று ஓர் இளைஞர் இருந்தார். ஈகை சம்பந்தமான குறைகளைக் கேட்பதற்கு என்றே அரசாங்கம் போட்டிருந்த ஆள். கேட்பதற்கு மட்டும்தான். தீர்ப்பதற்கு வேறு யாரையும் போடவில்லை.

அவர் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

“அக்கா, இந்த வார்டுலயே உங்க அளவுக்குக் கொடுத்தவிங்க யாருமில்லீங்க. ரெண்டு வருசம், ஒரு வாரம் தப்பல.”

“நான் எங்கீங்க சார் குடுத்தேன்? வந்த டப்பாவை எப்படி வெறுசா அனுப்பறதுன்னு ரெண்டு எலுமிச்சம்பழம் வெச்சேன்.”

“அதானுங்க கொடை. டவர்ஸ்காரங்க வேண்டாததைத்தான் குடுக்கறாங்க. நீங்க வேணுங்கறதையே குடுத்திருக்கறீங்க. அதுக்கு மதிப்பு ஒண்ணுக்குப் பத்துங்க. மெஷினு ரொம்ப நெகிழ்ந்து போச்சு.”

“நெகிழ்ந்து போனா ஆக்ஸிஜனப் புடுங்குமா?”

திருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் அம்மா இருக்கிறார். அதனால் நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை. “உபரி இருக்கற வீட்டுல ஓசி மெஷினு இருக்கக்கூடாதுங்க. அதுதான் விதி. அடுத்து யாருக்கு அவசியமோ அங்க போகும்.”

“யாருக்குப் போகுது?”

அவர் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “டவர்ஸ்ல, பதினாலாம் மாடி, நாலாம் நம்பர். அனுபமான்னு ஒரு மேடம்.”

“அவிங்க தருவோர் இல்லீங்களா?”

“இருந்தாங்க. உங்க எலுமிச்சம்பழமெல்லாம் அவிங்களுக்குத்தான் போயிருக்குது. ரெண்டு வருசமா வாராவாரம் வாங்கினதால பெறுவோரா எறங்கிட்டாங்க.”

“அவிங்க வீட்டுல யாருக்கு மூச்சு முட்டுது?”

“மஃபினுக்குங்க.”

“அது யாரு?”

“நாயி” என்றார் திருமூர்த்தி, குரலைத் தாழ்த்தி. “சப்பை மூக்குங்க. தூங்கறப்ப ரொம்பக் கஷ்டப்படுதாம்.”

சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், “மேல எழுதிப் போடுங்க சார்” என்றாள்.

“மேலன்னாலும் மெஷினுதானுங்க அக்கா.”

மறுபடியும் பெறுவோராக என்ன வழி என்று கேட்டாள். இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆறு மாதம் யாருக்கும் எதையும் கொடுக்காமல் இருக்கவேண்டும். டப்பாவில் மட்டுமல்ல, கையிலும். போன மாதம்தான் ஈகையின் கண்ணைக் கூர்மையாக்கியிருந்தார்கள். காலனிப் பெண்களைப் பார்த்துத்தான் அதற்கு அந்த ஞானம் வந்ததாம். வேலிக்கு மேலே கைமாறுகிற ஒரு குழம்புக் கரண்டியும் இனி கொடைதான். இன்னொரு வழி, குப்பை போடவேண்டும். யாருக்குமே உதவாத ஒரு பொருளைப் போட்டுவிட்டால் உடனே தருவோர் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவார்கள். ஒரு வாரம் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

“இவ்வளவுதானா? தண்ணி என்னங்க தண்ணி, நான் நாளைக்கே குப்பை போடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள் சுகந்தி.

குப்பை போடுவது இத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

முதலில் வாரறுந்த ஒற்றைச் செருப்பைப் போட்டாள். ஈகை மகிழ்ந்து போயிற்று. தெற்கு காலனியில் ஒரு கால் மட்டும் உள்ள ஒருவருக்கு அதே அளவு, அதே கால். உடைந்த சட்டியின் சில்லைப் போட்டாள். ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்திக்குப் போயிற்று. சீப்பில் சிக்கிய முடி சவுரி கட்டுகிறவருக்கு. கூட்டிப் பெருக்கிய மண் மாடித் தோட்டத்துக்கு. மரகதக்கா தன் பங்குக்கு மூன்று நாள் மூடிவைத்து அழுகவிட்ட வெங்காயத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கொண்டுவந்தார்.

“இதை எவன் வாங்கறான்னு பாக்கறேன் கண்ணு. எமன்கூட வாங்கமாட்டான்.”

ஈகை முகர்ந்து பார்த்தது. “ரொம்ப அருமைங்க. மோப்ப நாய்ங்களுக்குப் பயிற்சி கொடுக்க இந்த மாதிரிதான் தேடிட்டு இருந்தாங்க.”

“அட நாசமாப் போறவனே!” என்றார் மரகதக்கா. அவர் வீட்டு வாசலிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு போனால் தவிக்கும்படி ஈகை தந்த பொருள் எதுவும் அவர் வீட்டில் இல்லாததால் அது அவருக்கு இன்னும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆயிற்று. சுகந்தி வீட்டில் துடைப்பம் போயிருந்தது, கிழிந்த பாய் போயிருந்தது, நின்றுபோன சுவர்க்கடிகாரமும் போயிருந்தது. அவள் விளக்கு இப்போது தெருக்கோடி வரைக்கும் வெளிச்சம் அடித்தது. போடப்போட அவள் கொடைவள்ளலாக ஏறிக்கொண்டே போனாளே ஒழிய இறங்குகிற வழியைக் காணோம். ஒரு மனிதன் ஏழையாக இருப்பதற்குக்கூட இந்த ஊரில் இத்தனை திறமை வேண்டியிருந்தது.

வேலுச்சாமி கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

“யாருக்கும் ஆகாத பொருள் ஒண்ணு இங்க கெடக்குதே கண்ணு. அதை ஏன் போடமாட்டீங்கற?”

“வாய மூடிட்டுப் படுங்க.”

“நெசமாத்தான் சொல்றேன். மெஷினு பதினாலாம் மாடிக்குப் போகுதுன்னா, நானும் அதுக்குப் பின்னாடியே போறேன். நாயி மூச்சு விட்டது போக மிச்சத்தை நான் விட்டுக்கறேன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சுகந்தி சிரிக்கவில்லை. மெஷின் போன பிறகு அவர் எத்தனை மணி நேரம் தாங்குவார் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“என்ன பொருளுங்க அம்மணி?”

“எங்க வீட்டுக்காரரு.”

அரை நொடிக்குப் பதிலாக ஈகை ஒரு முழு நொடி யோசித்தது. “உயிருள்ளதுங்களா?”

“இப்போதைக்கு.”

“நிலை எப்படிங்க? புதுசு, பழசு, பழுது?”

உள்ளேயிருந்து வேலுச்சாமி கத்தினார். “பழுதுன்னு சொல்லிராத, யாரும் வாங்கமாட்டாங்க!”

“பழசு” என்றாள் சுகந்தி. “ஆனா நல்லா ஓடும். ஆக்ஸிஜன் மெஷினோட சேத்து எழுதிக்க. அந்த மெஷினை ஓட்டறதுக்கு இவரத் தவிர வேற ஆளுக்குத் தெரியாது. அது போற வீட்டுக்கு இவரும் போகோணும்.”

“மெஷினோட உபபாகம்ங்களா? அப்படிப் போட்டா ஒரே வண்டில அனுப்பிரலாமுங்க. எதுக்கு ஆகும்ங்க?”

“கைல எது கெடச்சாலும் பிரிச்சு மாட்டிருவாரு. மில்லுல ஃபிட்டரு.”

“குறை ஏதாச்சும்?”

“காப்பி ஆறியிருந்தா கோவம் வரும்.”

“தர்றதுக்குக் காரணம்? இடமில்லை, தேவையில்லை, வேறு.”

சுகந்தி உள்ளே கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“தேவையில்லைன்னு போட்டுக்கட்டுங்களா?”

“போட்டுக்க” என்றாள். சொல்லிவிட்டுப் புறக்கடைக்குப் போய், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அன்று சாயங்காலம் ஈகை அவள் பெயரை வார்டின் சிறந்த கொடையாளர் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

வியாழக்கிழமை சாமான் ஏற்றுகிற பெரிய வண்டியே வந்தது. மெஷினை நடுவில் வைத்து, பக்கத்தில் வேலுச்சாமியை உட்காரவைத்து, இரண்டுக்கும் பெல்ட் போட்டார்கள். சுகந்தி வண்டியோடு நடந்தே போனாள். பதினாலாம் மாடியில் அனுபமா கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும். மூன்று வருஷம் டவர்ஸின் பசுமைக் குழுத் தலைவியாக இருந்துவிட்டு, போன வாரம் விளக்கு அணைந்ததால் பதவி இழந்தவர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. காலடியில் மஃபின் மூக்கால் கரகரத்தது.

“மெஷின் வரும்னு மெசேஜ் வந்தது. இவரு யாரு?”

“உபபாகமுங்க” என்றார் வேலுச்சாமி.

“எங்க வீட்டுக்காரருங்க மேடம்” என்றாள் சுகந்தி. “மூலைல ஒரு கட்டில் போட்டாப் போதும். தொந்தரவு பண்ணமாட்டாரு.”

“ஐயோ, ப்ளீஸ், இதெல்லாம் எப்படி... நான் வேண்டாம்னு சொன்னா?”

“வேண்டாம்னா இவரு குப்பைங்க. ஒரு வாரம் உங்களுக்குத் தண்ணி வராது.”

அனுபமா வேலுச்சாமியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், உள்ளே குளித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தார். கட்டைவிரலை வைத்தார். “அந்த எலுமிச்சம்பழமெல்லாம் நீங்கதானா?” என்று கேட்டார், பொருமலாக. “எனக்கு உங்க மேல என்ன கோபம் தெரியுமா? யாரு கேட்டா உங்ககிட்ட?”

“யாரும் கேக்கலீங்க” என்றாள் சுகந்தி. அது உண்மைதான்.

திரும்பி வந்து சுகந்தி ஆறு மாதம் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. சொல்வது சுலபம். தோலோடு கிழங்கைத் தின்றாள். தின்னமுடியாத தோலைப் புறக்கடையில், ஈகையின் கண் எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். மரகதக்கா நிலைமையைப் புரிந்துகொண்டு அவளிடம் எதையும் கேட்பதில்லை. பிள்ளைகள் வாசலுக்கு வந்தால் அவரே விரட்டிவிடுவார். நகரத்திலேயே நிஜமாகக் குப்பை இல்லாத ஒரே வீடு அவளுடையதாக இருந்தது. அதற்கு மெஷின் வைத்திருந்த பெயர் வறுமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டவர்ஸ் கேட்டில் நின்று வேலுச்சாமியைப் பார்த்துவிட்டு வருவாள். மெஷினைச் சக்கரம் வைத்த மேஜையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். புருஷனைப் பார்க்கப் போகிறவள் ஒரு பொட்டலம் மிக்சர்கூட எடுத்துப்போக முடியாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அவருக்கு அது புரியும். அதனால் அவரும் தன் கையைக் கட்டிக்கொள்வார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர்கள் அந்த மாதிரிக் கூச்சப்பட்டதில்லை.

டவர்ஸில் அவருக்கு முதல் மாதம் ராஜமரியாதை. அவர் சும்மா இருக்கமாட்டாமல் அனுபமா வீட்டு மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்தார். அப்புறம் இஸ்திரிப் பெட்டி, அலமாரிக் கீல், மின்விசிறி. இனிமேல் தூக்கிப் போடவேண்டியதுதான் என்றிருந்த அத்தனையும் புதிது மாதிரி ஓடின. இதனால் என்ன ஆயிற்று? அனுபமா வீட்டில் தூக்கிப் போட எதுவும் மிச்சமில்லை. தூக்கிப் போடாமல் எப்படிக் கொடுப்பது? கொடுக்காமல் எப்படி விளக்கு எரியும்? யோசித்துப் பார்த்தார் அனுபமா. வீட்டிலேயே விலைமதிப்புள்ள கொடை கட்டிலில் உட்கார்ந்து ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தது. வேலுச்சாமியை மெஷினோடு ஒன்பதாம் மாடிக்குக் கொடுத்தார். அவர் விளக்கு மறுநாளே எரிந்தது. மஃபின் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

ஒன்பதாம் மாடியிலும் அதே கதை. அங்கிருந்து ஆறாம் மாடி, அங்கிருந்து பதினேழாம் மாடி, இப்படியே பன்னிரண்டு வீடு. போன வீட்டிலெல்லாம் பழுது நீங்கியது, விளக்கு மங்கியது. ‘இந்த ஆள் வந்தால் வீட்டில் ஒன்றும் உடையாது’ என்று பயம் பரவியது. பசுமைக் குழு அவசரக் கூட்டம் போட்டு, பழுது பார்ப்பது சமுதாயத்துக்கு எதிரானது என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஐந்தாம் மாதக் கடைசியில் டவர்ஸில் அவரை வைத்துக்கொள்ள ஒரு வீடும் இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

ஆறாம் மாதம் முடிந்த அன்று சுகந்தி வாசலில் பச்சை விளக்கு அணைந்தது. அரை மணி நேரத்தில் வண்டி வந்தது. மெஷின், அதன் பக்கத்தில் வேலுச்சாமி, கழுத்தில் ஓர் அட்டை: ‘உபபாகம். பன்னிரண்டு வீடுகளில் பயன்பட்டது. நிலை: நன்று.’

“உங்களுக்கு ஒரு கொடை வந்திருக்குதுங்க அம்மணி. கட்டைவிரல் வையுங்க.”

வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டு வைத்ததில் விரல் தவறி, இரண்டு தரம் வைக்கவேண்டியிருந்தது.

“இளைச்சுட்டியே கண்ணு” என்றார் அவர்.

“நீங்க கொஞ்சம் பெருத்துட்டீங்க” என்றாள் அவள், அழுதுகொண்டே. “உள்ள வாங்க.”

ஈகை இன்னும் முடிக்கவில்லை. “ஒரு நல்ல சேதிங்க. ஏற்கெனவே தருவோரா இருந்தவிங்களுக்குச் சலுகை இருக்குது. மறுபடியும் ரெண்டு வருசம் காத்திருக்க வேண்டியதில்லைங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஒரே ஒரு கொடை கொடுத்தீங்கன்னா உங்க விளக்கு ஒடனே எரிஞ்சிருமுங்க. எப்ப வேணும்னாலும். உங்க ஆயுசு பூரா.”

சுகந்தி அந்தக் கண்ணைப் பார்த்தாள். உள்ளே போனாள். காப்பி சூடாக இருக்கவேண்டும் என்று அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் மெஷின் புஸ் புஸ்ஸென்று விட்ட மூச்சைக் கேட்டுக்கொண்டே, ஆறு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில் மரகதக்கா வந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுகந்தியைப் பிடித்த கெட்ட காலம் விட்டுப்போயிற்று என்ற நினைப்பு. கையில் ஒரு சின்னக் கிண்ணம்.

“சுகந்தி, பாழாப் போன பூனை நேத்து தயிரைச் சட்டியோட கவுத்திருச்சு. உறை ஊத்த ஒரு கரண்டி மோர் குடு கண்ணு. அதான் வேலுச்சாமித் தம்பி வந்துருச்சே, இனி என்ன?”

உறைமோர் கேட்டு அந்தக் காலனியில் யாரும் யாரையும் இல்லை என்று சொன்னதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாவது ஊற்றிவிடுவார்கள். சுகந்திக்குப் பின்னால், அடுப்புத் திண்டின் மேல், மூடாத சட்டியில் தயிர் நிறைந்திருந்தது. வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். ஈகையின் கண் மெதுவாக அவர்கள் பக்கம் திரும்பியது.

“மோர் இல்லீங்க்கா” என்றாள் சுகந்தி.

மரகதக்கா அவள் தோளுக்கு மேலாகச் சட்டியைப் பார்த்தார். அப்புறம் ஈகையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் சுகந்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. “செரி கண்ணு” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

“யாரு கண்ணு வந்தது?” என்று உள்ளேயிருந்து வேலுச்சாமி கேட்டார்.

“யாருமில்லீங்க” என்றாள் சுகந்தி.